தங்கைக்காகச் சிந்தும் கண்ணீர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வடக்கே வத்திராயிருப்பு நோக்கிச் செல்பவர்கள் அர்ச்சுனாபுரம் என்னும் சிற்றூரை விசாரித்துச் சென்றால், அங்கே நல்லதங்காளுக்கு ஒரு கோயில் இருப்பதையும், அவள் தன் ஏழு மக்களோடு வீழ்ந்து மாண்டதாகச் சொல்லப்படும் கிணறு இருப்பதையும் காணலாம். மேற்குமலையின் அடிவாரத்தில், தென்னையும் நெல்லும் விளையும் நிலத்தில், பஞ்சத்தின் கதை ஒன்று இவ்வாறு இடம்பிடித்து அமர்ந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மானாமதுரைக்கு வாழ்க்கைப்பட்ட பெண், பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தில் பிள்ளைகளின் பசி பொறுக்காது பிறந்த வீடு தேடி வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குச் சென்றிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். பின்னர் எரியாத பச்சை விறகையும் ஓட்டைப் பானையையும் கொடுத்து ஏளனம் செய்கிறாள். நொந்துபோன நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிணற்றில் எறிந்து தானும் குதிக்கிறாள். செய்தியறிந்த அண்ணன் மனைவியை மாய்த்துத் தானும் மாய்கிறான். இறைவன் அருளால் எல்லோரும் பின்னர் உயிர்பெற்றதாகவும் சொல்வதுண்டு. ஆனால் கேட்பவர் மனத்தில் தங்குவது உயிர்பெற்ற செய்தியன்று, அடைத்த கதவுதான்.

இக்கதை பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைக் கடைகளில் விற்றது. நாடக மேடைகளில் விடிய விடிய நடந்தது. 1955-இல் ‘நல்லதங்காள்’ என்ற பெயரிலேயே திரைப்படமாகவும் வந்தது. அழவைக்கும் திரைப்படங்களைப் பற்றி எழுதப் புகுந்த நாம் ஒரு கிணற்றருகே நின்று தொடங்குவதற்குக் காரணம் இதுவே. தமிழ்த் திரையில் மக்களைக் கதறவைத்த படங்கள் பல இக்கிணற்றின் ஊற்றிலிருந்துதான் நீர் மொண்டிருக்கின்றன. 1969-இல் வந்த ‘துலாபாரம்’ என்ன கதை? வறுமை முற்றிய ஒரு தாய் தன் மக்களுக்கு நஞ்சூட்டிவிட்டு நீதிமன்றத்தில் நிற்கும் கதை. மலையாளத்தில் முந்திய ஆண்டு வெளிவந்து, அதில் நடித்த சாரதாவுக்குத் தேசிய விருதையும் பெற்றுத் தந்தது. கிணற்றுக்குப் பதிலாக நஞ்சு, அண்ணன் வீட்டுக்குப் பதிலாக நீதிமன்றம். தாய் அதே தாய்தான். 1961-இல் வந்த ‘பாசமலர்’ நல்லதங்காள் கதையின் மற்றொரு பாதியை, அதாவது அண்ணன் தங்கை உறவை, எடுத்துக்கொண்டது. நாம் விரித்துப் பேச நினைப்பது இந்தப் பாதியைத்தான்.

மதரசாவில் ஓதிய ஒருவருக்குத் திரைப்படத்தோடு என்ன உறவு என்று சில அன்பர்கள் வினவக்கூடும். உறவு காதின் வழியே வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் இராஜபாளையத்தில் நாம் குடியிருந்த தெருவுக்குப் பின்னால், வெற்று நிலத்தைத் தாண்டி, ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. கூரையுண்டு, சுற்றுச் சுவர் பாதியளவே உண்டு. ஆகவே இஷாத் தொழுகை முடிந்து வந்து பாடத்தைப் பிரித்தால், உரையாடல் முழுவதும் நம் திண்ணைக்கு வந்துவிடும். பாசமலரை நாம் கண்ணால் காண்பதற்குப் பல்லாண்டு முன்பே காதால் கேட்டு முடித்திருந்தோம். ஆரூர்தாஸ் எழுதிய உரையாடலை அரபு இலக்கணச் சூத்திரங்களோடு கலந்து மனனம் செய்த மாணவன் இந்நாட்டில் நாம் ஒருவராகவே இருப்போம் போலும்! ஆயினும் நம் காதில் அன்று ஆழப் பதிந்தது உரையாடலன்று. இறுதிக் காட்சியில் கொட்டகைக்குள்ளிருந்து எழும் பெண்களின் விம்மல். மணல் தரையில் பெண்கள் பகுதியில் அமர்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழும் ஒலி, இழவு வீட்டு ஒப்பாரியைப் போன்று தொலைவிலிருந்து கேட்கும். படம் விட்டதும் அதே பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு, விளக்கில்லாத சந்து வழியே வீடு திரும்புவார்கள். அழுதவர்கள் இவர்கள்தாமா என்ற ஐயம் நமக்கு உண்டாகும்.

இராஜபாளையம் ஆலைகளின் ஊர். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய நூற்பாலை முதல், பின்னர் வந்த ஆலைகள் வரை, சங்கொலிதான் தெருக்களின் கடிகாரம். அருகே சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத் துணி நெய்கிறார்கள். பாலாடைத் திரட்டுப் பாலுக்கும் ஆண்டாள் கோபுரத்துக்கும் பெயர் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கும் தறியோசை உண்டு. பஞ்சும் நூலுமாக வாழும் குடும்பங்களில் வீடு என்பது ஓர் அறை, ஒரு தாழ்வாரம். மாமியார், நாத்தனார், பிள்ளைகள், ஆலைக்குப் போய்வந்து உறங்கும் ஆண்கள். அங்கே ஒரு பெண் தனித்திருந்து அழுவதற்கு இடமேது? அழுதால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் சண்டை வரும். கொட்டகையின் இருட்டு அவர்களுக்குக் கிடைத்த ஒரே தனியறை என்று சொன்னால் மிகையாகாது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களன்களாக நான்கைக் கூறுகிறார்: பிறரால் இகழப்படுதல், உரியவரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலை தாழ்தல், வறுமை. நல்லதங்காளிடம் நான்கும் ஒருங்கே இருக்கின்றன. அவள் கதை ஏன் சாகாமல் நிற்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை. உரையாசிரியர்கள் மேலும் ஒரு நுட்பம் சொல்வார்கள். அழுகை இருவகைப்படும், தன் துன்பத்துக்குத் தான் அழுவது ஒன்று, பிறர் துன்பம் கண்டு அழுவது மற்றொன்று. முன்னது அவலம், பின்னது கருணை. திரைப்படம் பார்த்துச் சிந்தும் கண்ணீரைப் பொதுவாகக் கருணையின் கணக்கில்தான் நாம் எழுதுகிறோம். இதைப் பற்றி நமக்கு ஓர் ஐயம் உண்டு. அதைச் சொல்லுமுன் அரபு நூல்கள் பக்கமும் சற்றுப் பார்ப்போம்.

கண்ணீர் விடுவதை மார்க்கம் வெறுக்கிறது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். நாயகம் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும் வேளையில் கண்ணீர் வடித்தார்கள். தாங்களுமா அழுகிறீர்கள் என்று வினவிய தோழருக்கு அது இரக்கம் என்று விடையிறுத்தார்கள். வரலாறுகளில் அழகியது என்று திருமறையே போற்றும் யூசுப் அத்தியாயத்தில், மகனைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போகின்றன. ஆனால் அதே அத்தியாயத்தில் வேறொரு கண்ணீரும் உண்டு. தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு (இங்கும் ஒரு கிணறு!) அண்ணன்மார் இரவில் தந்தையிடம் அழுதுகொண்டே வந்து நிற்கிறார்கள். கூஃபா நகரின் காழியாக இருந்த ஷுரைஹ் அவர்களின் அவையில் ஒரு பெண் வழக்குரைத்து அழுதபோது, அருகிருந்த ஷஅபீ அவள் அழுவதைப் பார்க்கவில்லையா என்று இரங்கினாராம். யூசுபின் சகோதரர்களும் அழுதுகொண்டுதான் வந்தார்கள், அவர்கள் அநீதி இழைத்தவர்கள் என்றாராம் ஷுரைஹ். அழுகை ஒரு சாட்சியாகாது என்பது அந்த நீதிபதியின் முடிவு. ஓதும் காலத்தில் இச்செய்தியைப் படித்த அன்று நமக்குக் கொட்டகை விம்மல் நினைவுக்கு வந்தது.

கொட்டகையில் நிலைமை நேர்மாறானது என்பதையும் சொல்ல வேண்டும். யூசுபின் அண்ணன்மார் பொய்க்கண்ணீர் விட்டார்கள், தந்தையோ ஏமாறவில்லை. திரையில் நடிகர் கிளிசரின் இட்டுக்கொண்டு அழுகிறார். பார்ப்பவரோ மெய்க்கண்ணீர் விடுகிறார். ஏமாற்றத்தை விரும்பிக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதில் குற்றம் காண நாம் வரவில்லை. கிஸ்ஸாவும் முனாஜாத்தும் இராகத்தோடு ஓதக் கேட்டு நம் வீட்டுப் பெண்கள் முன்னாளில் அழுததும் ஏறக்குறைய இவ்வகையே. நம் கேள்வி வேறு. அம்மெய்க்கண்ணீர் யாருக்காக?

பாசமலரை எடுத்துக்கொள்வோம். பீம்சிங் இயக்கிய இப்படத்தில் இராஜசேகரனாகச் சிவாஜி கணேசனும், தங்கை ராதாவாகச் சாவித்திரியும் நடித்தார்கள் என்பதை வாசக நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. அடுத்த ஆண்டே இந்தியில் ‘ராக்கி’ என்று இதனைப் பீம்சிங்கே எடுத்தார், வடநாட்டாரும் அழுதார்கள். அண்ணன் ஆலைத் தொழிலாளி. ஆலை மூடப்பட்டு வேலையிழந்து நிற்கையில், தங்கை பொம்மை செய்து சேர்த்து வைத்திருந்த பணம் முதலாகிறது. அந்த முதலிலிருந்து வளர்ந்து அவர் பெருஞ்செல்வரும் ஆலை முதலாளியும் ஆகிறார். பிறகு திருமணம், குடும்பத்துக்குள் வந்து சேரும் ஓர் அத்தையின் சூழ்ச்சி, பிரிவு. தங்கையின் குழந்தையைப் பட்டாசிலிருந்து காக்கப்போய் அண்ணன் கண்ணொளி இழக்கிறார். இறுதியில் இருவரும் ஒன்றாகவே மாள்கின்றனர். யஃகூப் நபிக்குப் பார்வை திரும்பியது; மகனின் சட்டை முகத்தில் பட்டதும் ஒளி வந்தது. பாசமலரில் திரும்புவதில்லை. சந்திப்பு நேர்கிறது, ஆனால் காலங்கடந்து நேர்கிறது. மக்களைத் தவறாது அழவைக்கும் வித்தை இதுதான் என்று நமக்குப் படுகிறது. பிரிவைக் காட்டினால் மனம் கனக்கும். பிந்தி வந்த சந்திப்பைக் காட்டினால்தான் கண் உடையும்.

நடிப்பின் பெருமையைப் பற்றி எழுத நம்மினும் தகுதியுடையோர் பலர். நாம் கேட்பது ஓர் எளிய கணக்கு. அந்தச் செல்வத்தின் வேரில் கிடப்பது தங்கையின் பொம்மைப் பணம். படத்தின் முதற்பகுதியிலேயே இது சொல்லப்பட்டும், இறுதியில் அழுகின்ற எவருக்கும் அது நினைவில் இருப்பதில்லை. அண்ணன் தங்கைக்கு எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் அது அவர் கொடுத்ததாகவே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவளுடையது அவளிடம் திரும்பியதாகத் தெரிவதில்லை. சொத்துப் பேச்சு என்று ஒன்று வந்தால் அது பொல்லாதவர் வாயிலிருந்துதான் வரும் என்பது இவ்வகைப் படங்களின் எழுதாச் சட்டம். நல்ல தங்கை கேட்கமாட்டாள். கேட்காததனால்தான் அவள் நல்லவள். ‘நல்ல தங்காள்’ என்ற பெயரைச் சற்றுப் பிரித்து உச்சரித்துப் பாருங்கள்.

பழியெல்லாம் மற்றொரு பெண்மேல் விழுவதும் கவனிக்கத்தக்கது. மூளி அலங்காரி கதவை அடைத்தாள், உண்மை. ஆனால் பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தில் தங்கை எப்படியிருக்கிறாள் என்று ஆளனுப்பி விசாரியாத அண்ணனை எவரும் கேட்பதில்லை. அவன் வேட்டைக்குப் போயிருந்தான். அதனால் கதை அவனை விடுவித்துவிடுகிறது. அண்ணிமார், அத்தைமார், மாமியார்மார் ஆகியோர்மீது குற்றத்தை ஏற்றிவிட்டு அண்ணன்மார் தூய கண்ணீரோடு வெளியேறும் வழி நம் கதைகளில் எப்போதும் திறந்தே கிடக்கிறது.

அரபு நாட்டில் இதே கதை வேறு விதமாக முடிந்திருக்கிறது. கன்ஸா என்று புகழ்பெற்ற துமாளிர் பின்த் அம்ர், ஸுலைம் குலத்துப் புலவர். இஸ்லாத்துக்கு முன்னும் பின்னும் வாழ்ந்தவர். மறைந்த தம் சகோதரன் ஸக்ரைப் பற்றி அவர் பாடிய இரங்கற்பாக்களை இன்றும் அரபு மொழி பயிலும் மாணவர் எவரும் படிக்காமல் தப்ப இயலாது. ‘மர்ஸியா’ என்னும் இரங்கற்பா வகைக்கே அவர் தலைமைப் புலவர். துயருடையைக் களையாமல் காலமெல்லாம் அழுத அவரிடம் அன்னை ஆயிஷா (ரலி) காரணம் கேட்டபோது சொன்ன செய்தி அரபு இலக்கிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. கன்ஸாவின் கணவர் பொருளையெல்லாம் அழிப்பவர். கையில் ஒன்றுமில்லாமல் அவர் அண்ணன் ஸக்ரிடம் போனார். ஸக்ர் தம் உடைமை அனைத்தையும் இரு கூறாக்கி, அவற்றுள் சிறந்த கூற்றைத் தங்கைக்கு அளித்தார். கணவர் அதையும் அழித்தார். மீண்டும் போனார், மீண்டும் இரு கூறு. அப்போது ஸக்ரின் மனைவி குறுக்கிட்டார்: பாதி கொடுப்பது போதாதா, நல்ல பாதியையா கொடுக்க வேண்டும்? ஸக்ர் அச்சொல்லை ஏற்கவில்லை.

பாருங்கள், வறுமையுற்ற தங்கை இருக்கிறாள், பொறுப்பற்ற கணவன் இருக்கிறான், தடுக்கும் அண்ணியும் இருக்கிறாள். அண்ணன் வேட்டைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான் என்பதொன்றே வேறுபாடு. ஆகவே கிணறு தேவைப்படவில்லை. பல நூற்றாண்டு கடந்தும் நிற்கும் அந்த இரங்கற்பாக்களுக்குப் பின்னால் அளந்து பிரிக்கப்பட்ட பாதிச் சொத்து இருக்கிறது. கன்ஸா அழுதது பெற்ற அன்புக்காக. நம் கொட்டகையில் பெண்கள் அழுதது பெறாததற்காக என்று நாம் கருதுகிறோம். கருணையின் உடையணிந்து வந்த அவலம் அது. உரையாசிரியர் பிரித்த இரண்டும் அந்த இருட்டில் ஒன்றாகிவிட்டன.

இப்படிச் சொல்வதற்கு நமக்கு ஆதாரம் நம் தாயாரே. அவர் பிறந்த வீட்டாருக்கு மலையடிவாரத்தில் மாந்தோப்பு இருந்தது. நாம் பிறப்பதற்கு முன்பே பாட்டனார் மறைந்துவிட, மாமன்மார் நால்வரும் தோப்பைப் பிரித்துக்கொண்டு, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வாங்கினார்கள். ஆண்டுதோறும் சித்திரை வைகாசியில் ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் நம் வீட்டுக்கு வரும். “என் அண்ணன்மார் அனுப்பினது” என்று தெருவுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் தாயார் பிரிப்பார். மாமன்மார் கொடியவர்கள் அல்லர். பெருநாளைக்குப் புடவை எடுப்பார்கள், எங்களைத் தோளில் தூக்குவார்கள். அந்தக் கூடையில் இருப்பது அவர் பங்கின் விளைச்சலில் ஒரு சிறு துளி என்று எவரும் சொன்னதில்லை. தந்தையார் வெளியூர் சென்ற நாட்களில், அண்டை வீட்டுப் பெண்களோடு தாயார் கொட்டகைக்குச் சென்றதுண்டு. பாசமலரை மட்டும் மூன்று முறை பார்த்தார். பல்லாண்டுக்குப் பின், கொடைக்கானல் நிலையத்தின் வழியாகத் தொலைக்காட்சி நம் ஊர்களுக்கு வந்த காலத்தில், அதே படத்தைப் பார்த்து அவர் அழுதுகொண்டிருக்கையில், தெரிந்த கதைக்கு ஏன் இவ்வளவு அழுகிறீர்கள் என்று கேட்டோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது: “படம் பார்த்து அழுதா ஏன் அழுறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. நீதான் கேக்குற.”

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாமும் வினவவில்லை.

சட்டம் அவர் பக்கம் இருந்தது என்பதையும் இங்கே குறித்துவைப்போம். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமையை மார்க்க விதிப்படி ஆக்கியபோது விவசாய நிலத்தை விலக்கிவைத்தது. சென்னை மாகாணத்தில் 1949-இல் வந்த திருத்தம் அந்த விலக்கையும் நீக்கிவிட்டது. ஆகவே தோப்பிலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு. இந்துக் குடும்பங்களில் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்தது. அதற்கு முன் மணமான பெண்களை அது சேர்க்கவில்லை. 2005-இல்தான் இந்தியா முழுமைக்கும் அவ்வுரிமை விரிந்தது. சட்டங்கள் வந்தபின் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரங்கள் குறைந்தனவா என்றால், நம் கண்ணுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. உரிமை இல்லாத காலத்தில் கையெழுத்தும் தேவைப்படவில்லை. உரிமை வந்தபின் கையெழுத்து வாங்க அன்பு தேவைப்படுகிறது.

1993-இல் பாரதிராஜா ‘கிழக்குச் சீமையிலே’ எடுத்தார். விஜயகுமார் அண்ணன், ராதிகா தங்கை. தாய்மாமன் சீர் என்பது எத்துணைப் பெரிய நிகழ்ச்சி என்பதை அப்படம் போல் வேறொன்று காட்டியதில்லை. நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் அப்படத்தைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினார். பேசும்போதே கண் கலங்கும். சில திங்கள் கழித்து அவரே நம்மிடம் வந்து, தம் இரு சகோதரிகளும் தந்தை விட்டுச்சென்ற வீட்டில் தமக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதித்தர இருக்கிறார்கள், நீங்கள் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்றார். சகோதரிகள் தாமாக முன்வந்தார்களா என்று கேட்டோம். “நான் கேட்டால் அவர்கள் மறுப்பார்களா? எவ்வளவு சீர் செய்திருக்கிறேன்!” என்றார். அவர் வஞ்சகரல்லர். அழுததும் உண்மை, கேட்டதும் உண்மை. இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. சீர் அவர் கையால் ஊரறியக் கொடுப்பது. அதில் அவருக்குப் பெருமை உண்டு. பங்கோ அவர் கொடுப்பதன்று, அவர்களுடையது. எனவே அதில் பெருமைக்கு இடமில்லை. நம் திரைப்படங்கள் சீருக்குப் பாட்டெழுதின. பங்குக்கு எவரும் மெட்டமைத்ததில்லை. நாம் கையெழுத்திடவில்லை, வேறு இருவர் இட்டார்கள்.

உஹதுப் போரில் உயிர்நீத்த ஸஅது பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, இரு பெண்மக்களை அழைத்துக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட வரலாறு ஹதீஸ் நூல்களில் உண்டு. குழந்தைகளின் சிற்றப்பன் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பொருளில்லாத பெண்களை யார் மணம் செய்வர் என்பது தாயின் கேள்வி. அதன்மேல் வாரிசுரிமை வசனம் இறங்கியது. சிற்றப்பன் அழைக்கப்பட்டார். பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியது உனக்கு என்று தீர்ப்பாயிற்று. மதரசாவில் இப்பாடத்தை நடத்தும்போது நாம் மாணவர்களிடம் பின்னங்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்வோம். இருபத்து நான்கில் பதினாறு, மூன்று, ஐந்து. சிற்றப்பனுக்கு ஐந்து. கண்ணீருக்கு விடையாக எண்கள் வந்த இடம் இது.

அண்மையில் நம் மாணவர் ஒருவர் ஈரான் நாட்டுப் படம் ஒன்றைக் கைபேசியில் காட்டினார். மஜீத் மஜீதி 1997-இல் எடுத்தது. ‘வானகத்துப் பிள்ளைகள்’ என்று பொருள்படும் பாரசீகப் பெயர். 2022-இல் ‘அக்கா குருவி’ என்று தமிழிலும் இது எடுக்கப்பட்டது. தங்கையின் காலணியைத் தைக்கக் கொண்டுபோன சிறுவன் அதைத் தொலைத்துவிடுகிறான். ஏழைத் தந்தையிடம் சொல்ல அஞ்சி, அண்ணனும் தங்கையும் ஒரே சோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளி செல்கிறார்கள். அவள் காலைப் பள்ளி முடிந்து ஓடிவர, இவன் சந்தில் காத்திருந்து மாற்றிக்கொண்டு ஓடுகிறான். ஓட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு ஒரு சோடிக் காலணி. மூன்றாவதாக வரவேண்டும் என்று ஓடியவன் முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். நம் கண்ணும் நனைந்தது. யாரும் சாகவில்லை, கொடிய பெண் ஒருத்தி இல்லை. அவளுக்குச் சேரவேண்டியது அவளிடம் சேரவில்லையே என்று ஒரு சிறுவன் அழுவதைத் திரையில் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தோம். மாணவரிடம் இதைச் சொன்னபோது, “உஸ்தாத், நீங்கள் படத்தையும் ஃபராயிள் பாடமாக்கிவிட்டீர்களே!” என்று சிரித்தார்.

பாடம் இப்போது நம் வீட்டுக்கே வந்திருக்கிறது. பெற்றோர் இருவரும் மறைந்தபின் ஸ்ரீவில்லிபுத்தூரில் தந்தையார் கட்டிய வீடு பிரிவினைக்கு நிற்கிறது. ஆண்மக்கள் நாம் இருவர், பெண்மக்கள் மூவர். ஆக ஏழு கூறு. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மதிப்பு 35 இலட்சம் என்று வைத்துக்கொண்டால் கூறு ஒன்றுக்கு 5 இலட்சம். வீட்டில் குடியிருப்பவர் நம் தம்பி. சகோதரிகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர்கள் பிள்ளைகளின் திருமணங்களில் ஓடியாடி உழைத்தவர். பாசமலரின் கடைசிக் காட்சி வந்தால் அறையைவிட்டு எழுந்து போய்விடுபவர். “நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே அண்ணே, அவர்களா கேட்கப் போகிறார்கள்?” என்பது அவர் வாதம். நகை பெற்றோர் உயிரோடிருந்து கொடுத்த அன்பளிப்பு. பங்கு அவர்கள் மறைவுக்குப் பின் இறைவன் வகுத்தது. ஒன்று மற்றொன்றைக் கழிக்காது என்று எடுத்துரைத்தோம். நமக்குரிய 10 இலட்சத்தைப் பின்னர்த் தரலாம், சகோதரிகளின் 15 இலட்சம் முதலில் என்றும் சொல்லியிருக்கிறோம். அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமையில்லை.

இளைய தங்கை தொலைபேசியில் அழைத்து, “எனக்கு ஒன்றும் வேண்டாம் அண்ணே. போக்குவரத்து இருந்தால் போதும். கேட்டுவிட்டு அப்புறம் அந்த வாசலில் நான் எப்படி வந்து நிற்பேன்?” என்று அழுதார். நல்லதங்காள் கதையை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அடைத்த கதவைப் பற்றிய அச்சம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. கேட்பது நீ அல்ல, கணக்கை எழுதுவது நாம் என்று சமாதானம் சொன்னோம்.

ஏழு கூறும் வரைந்த தாளைத் தம்பியிடம் கொடுத்தாயிற்று. பெருநாள் கழித்துப் பேசுவோம் என்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். நடுத்தங்கை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மூத்த தங்கை மட்டும் தம் வங்கிக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பிவிட்டார்.